ஃப்ளாக் விழுந்தது யாரால்?

சதுரங்க ஆட்டம் ஒன்று முடிவதற்குப் பல வழிகள் உண்டு. எதிராளியின் ராஜா தப்ப வழியின்றி அகப்படும் செக்மேட், தோல்வி உறுதியென்று கண்டு தாமாகவே ஆட்டத்தைக் கைவிடும் ரிசைன், இருவரும் புள்ளியைப் பகிர்ந்துகொள்ளும் ட்ரா ஆகியவற்றைப் பற்றிப் போட்டி அரங்குகளில் பெரும்பாலும் பூசல் எழுவதில்லை. பூசலுக்கு இடம் தருவது, பலகையில் நிலைமை எப்படி இருந்தாலும் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் தீர்ந்துவிட்டதால் மற்றவர் வென்றதாக அறிவிக்கப்படும் முடிவுதான். திண்டுக்கல் நகரிலிருந்தும் அதைச் சூழ்ந்த சின்னாளபட்டி, நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் போன்ற ஊர்களிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் "பொசிஷன் நல்லாத்தான் இருந்துச்சு, டைம் போயிடுச்சு" என்று சொல்லும்போது, அதில் தோல்வியின் வருத்தத்தோடு ஒரு குற்றச்சாட்டும் சேர்ந்தே ஒலிக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளை ஆடி வெல்லவில்லை, கடிகாரத்தைத் தட்டி வென்றுவிட்டான் என்பது அதன் உட்பொருள்.

இக்குற்றச்சாட்டு பெரும்பாலும் தவறான ஆளின்மீது விழுகிறது. நேரம் தீர்ந்து தோற்றவர் எல்லாரும் ஒரே விதமாகத் தோற்பதில்லை: தம் யோசனை நீண்டதால் நேரத்தை இழந்தவர் உண்டு, எதிராளியின் முறையற்ற நடத்தையால் இழந்தவர் உண்டு, கருவியோ நடுவரோ செய்த பிழையால் இழந்தவர் உண்டு, போட்டியை வகுத்தவர் நேரத்தைப் பொருத்தமின்றி ஒதுக்கியதால் இழந்தவரும் உண்டு. இவற்றையெல்லாம் ஒன்றாகக் குழப்பி, வென்றவரின் மனச்சாட்சிக் கணக்கில் எழுதிவிடுவதால்தான், முறையாகப் பெற்ற ஒரு புள்ளிக்காக ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்கூடக் கூசி நிற்க நேர்கிறது.

கடிகாரம் வந்த காரணம்

விளையாட்டு நேர்மைக்குக் கடிகாரத்தை எதிரியாகக் கருதுவோர், கடிகாரம் இல்லாத காலத்தில் ஆட்டம் எப்படி நடந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் நேர வரம்பு இருக்கவில்லை. ஒரு நகர்வை யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அந்த ஏற்பாட்டில், எதிராளியைச் சலிப்பாலும் களைப்பாலும் வீழ்த்துவதற்கு வழி திறந்தே கிடந்தது. அப்போட்டியில் எலைஜா வில்லியம்சிடம் தோற்ற ஹோவர்டு ஸ்டான்டன், வில்லியம்ஸ் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். தோற்றவரின் எரிச்சல் அதில் ஓரளவு கலந்திருந்தாலும், வரம்பற்ற யோசனை ஆட்டத்தைக் கெடுக்கும் என்ற கருத்து பின்னர் பரவலாக ஏற்கப்பட்டது. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதிய தொடரில் மணற்குப்பிகள் வைக்கப்பட்டன. 1883இல் லண்டன் போட்டியில், மான்செஸ்டரைச் சேர்ந்த தாமஸ் பிரைட் வில்சன் வடிவமைத்த, ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கும்படி இணைக்கப்பட்ட இரட்டைக் கடிகாரம் வந்தது. எதிராளியின் நேரத்தைத் திருடுவதைத் தடுத்து, அவரவர் நேரத்தை அவரவர் கணக்கில் வைப்பதே அதன் நோக்கம். ஆகவே சதுரங்கக் கடிகாரம் பிறந்ததே நியாயம் கேட்டு எழுந்த ஒரு முறையீட்டிலிருந்துதான்.

இன்று போட்டி அரங்குகளில் வழங்கும் 'ஃப்ளாக்' என்ற சொல், முள் வைத்த கடிகாரங்களின் முகப்பில் இருந்த சிறு துண்டைக் குறித்தது. நிமிட முள் பன்னிரண்டை நெருங்கும்போது அதைத் தூக்கி, கடந்த கணத்தில் விழவிடும். எண்முறைக் கடிகாரத்தில் விழுவதற்கு எதுவும் இல்லையென்றாலும், திரையில் பூஜ்யங்கள் தோன்றுவதை 'ஃப்ளாக் விழுந்துவிட்டது' என்றே இன்றும் சொல்கிறார்கள். உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, ஒருவருக்கு 60 நிமிடமோ அதற்கு மேலோ கிடைக்கும் ஆட்டத்தை ஸ்டாண்டர்டு என்றும், 10 நிமிடத்துக்கு மேல் 60 நிமிடத்துக்குள் அமைவதை ரேபிட் என்றும், 10 நிமிடமும் அதற்குக் குறைந்ததும் பிளிட்ஸ் என்றும் வகைப்படுத்துகிறது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது: நகர்வு ஒன்றுக்கு இத்தனை விநாடி என்று கூட்டித் தரும் 'இன்கிரிமெண்ட்' இருந்தால், ஆட்டம் 60 நகர்வு நீளும் என்று கொண்டு அந்த விநாடிகளையும் சேர்த்துத்தான் வகை கணக்கிடப்படும். உலக ரேபிட் சாம்பியன்ஷிப்பில் தரப்படும் 15 நிமிடமும் நகர்வுக்கு 10 விநாடியும் இக்கணக்கில் 25 நிமிடமாகும். நம் முன்னோர் வகுத்த ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிடத்துக்கு, ஒரே ஒரு நிமிடம்தான் கூடுதல்.

சிங்கப்பூரில் ஒரு நேர வெற்றி

நேரத்தால் வெல்வது சிறுமையென்றால், தமிழகம் கொண்டாடிய மிகப் பெரிய சதுரங்க வெற்றியின் ஒரு பகுதியையும் சிறுமையென்றே சொல்ல வேண்டியிருக்கும். 2024 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் சீனாவின் டிங் லிரன் முதல் ஆட்டத்தை வென்று முன்னிலை பெற்றார். இரண்டாவது ஆட்டம் ட்ரா ஆயிற்று. நவம்பர் 27 அன்று நடந்த மூன்றாவது ஆட்டத்தில் சென்னையின் டி. குகேஷ் வென்று 1.5–1.5 என்று கணக்கைச் சமன் செய்தார். அந்த மூன்றாவது ஆட்டம் செக்மேட்டிலும் முடியவில்லை, ரிசைனிலும் முடியவில்லை. 37ஆம் நகர்வுக் கட்டத்தில் டிங்கின் நேரம் தீர்ந்ததால் முடிந்தது. முதல் 40 நகர்வுகளுக்கு 120 நிமிடம், அதன் பிறகு எஞ்சிய ஆட்டத்துக்கு 30 நிமிடம், 41ஆம் நகர்விலிருந்து மட்டுமே நகர்வுக்கு 30 விநாடி கூடுதல் என்பது அத்தொடரின் விதி. ஆகவே நாற்பதாம் நகர்வு வரை கடிகாரம் யாருக்கும் ஒரு விநாடியும் திருப்பித் தரவில்லை.

அந்த ஆட்டத்தைக் குகேஷ் கடிகாரத்தால் வென்றார் என்று யாரும் குறை சொல்லவில்லை. நேரம் முடிந்தபோது டிங் பலகையிலும் தோற்கும் நிலையில் இருந்தார் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், டிங்கின் நேரத்தைத் தின்றதே குகேஷின் ஆட்டம்தான் என்பது. வீட்டில் ஆயத்தம் செய்துவந்த நகர்வுகளை ஒருவர் விரைந்து ஆடும்போது, அவற்றைப் பலகையின் முன் அமர்ந்து முதன்முறையாகச் சந்திப்பவர் நீண்ட நேரம் யோசித்தாக வேண்டும். பின்னர் ஏற்படும் நேர நெருக்கடி முன்னர் முன்வைக்கப்பட்ட சிக்கலுக்குச் செலுத்தும் விலை. நேரத்தையும் காய்களையும் இரு வேறு கணக்குகளாகப் பிரிப்பவர்கள், சிந்தனைக்கு நேரம்தான் மூலப்பொருள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே குகேஷ் நேர நெருக்கடிக்குப் பலியானதும் உண்டு. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது ஒலிம்பியாடில், முதல் எட்டு ஆட்டங்களையும் வென்று வந்த அவர், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தாரோவுக்கு எதிராக வெற்றி வாய்ப்பைக் கைவசம் வைத்திருந்தும், நேரம் நெருக்கிய கட்டத்தில் பிழை செய்து தோற்றார். அந்த ஆண்டு தங்கத்தை உஸ்பெகிஸ்தான் வென்றது, இந்தியாவின் இரண்டாம் அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கூடுதல் விநாடி நெருக்கடியை ஒழித்துவிடுவதில்லை, காரணமற்ற தோல்வியை மட்டுமே ஒழிக்கிறது என்பது விளங்கும்.

விரைந்து ஆடுவதைத் தமிழகம் என்றும் திறமையாகவே மதித்துவந்திருக்கிறது. மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய தால் சதுரங்க மன்றத்தில், தோற்றவர் எழுந்து வென்றவர் தொடரும் பிளிட்ஸ் ஆட்டங்களில் பழகியவர்; 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆகும் முன்பே அவருடைய வேகம் பேசுபொருளாயிற்று; 48 வயதில், 2017இல் ரியாத்தில், உலக ரேபிட் பட்டத்தை மீண்டும் வென்றார். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையின் திருநகரில் வளர்ந்த அரவிந்த் சிதம்பரம் கிளாசிக்கல், ரேபிட், பிளிட்ஸ் என்ற மூன்று வகையிலும் தேசியப் பட்டம் வென்றவர். இவர்களைப் பார்த்து ஆட வரும் பிள்ளையிடம் வேகமாக ஆடி வென்றது குறையென்று சொல்வது பொருந்தாது.

சட்டத்தின் வரம்புகள்

ஃபிடே விதிகளின்படி, ஒருவர் உரிய நகர்வுகளை ஒதுக்கிய நேரத்துக்குள் முடிக்கத் தவறினால் அவர் தோற்றவர். ஆனால் எதிராளி எந்த முறையான நகர்வு வரிசையாலும் செக்மேட் செய்யவே முடியாத நிலை என்றால் ஆட்டம் ட்ரா. இந்த விதிவிலக்கைப் பிள்ளைகளும் பெற்றோரும் தவறாகப் புரிந்துகொள்வதால் எழும் சச்சரவுகள் ஏராளம். எதிராளியின் நேரம் தீர்ந்தபோது தன்னிடம் ராஜா மட்டுமே இருக்கும் பிள்ளை 'நான் ஜெயித்துவிட்டேன்' என்று கை தூக்குவது ஒருபுறம். தன்னிடம் ராஜாவும் குதிரையும் மட்டும் இருக்க, எதிராளியிடம் சிப்பாயும் இருந்து நேரம் தீர்ந்தால் 'ஒற்றைக் குதிரையால் மேட் செய்ய முடியாதே, ட்ராதானே' என்று தோற்றவர் தரப்பு வாதிடுவது மறுபுறம். இரண்டாவது வாதம் செல்லாது. எதிராளியின் ராஜா மூலையில் நின்று, அதற்கு இடம் மறிப்பது அதன் சொந்தச் சிப்பாயாகவே இருந்தால், ஒற்றைக் குதிரையும் மேட் செய்துவிடும். அப்படி நடப்பது அரிது என்பதைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை, நடக்கக்கூடுமா என்பதை மட்டுமே பார்க்கிறது.

கடிகாரத்தைக் கொண்டு செய்யும் குறும்புகளுக்கும் சட்டத்தில் தெளிவான தடை உண்டு. காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். ஓங்கிக் குத்தக் கூடாது, நகர்த்துமுன் அழுத்தக் கூடாது, தூக்கக் கூடாது, தட்டிக் கவிழ்க்கக் கூடாது. அவசரத்தில் காய்களைச் சரித்துவிட்டால், சரித்தவர் தம் நேரத்திலேயே அவற்றை எடுத்து நிறுத்தியாக வேண்டும். விழுந்த காய்களை அப்படியே விட்டுக் கடிகாரத்தை அழுத்துவது எதிராளியின் விநாடிகளைப் பறிப்பதாகும். அடிக்கடி ட்ரா கேட்டுத் தொல்லை செய்வதும், காரணமற்ற முறையீடுகளால் எதிராளியின் கவனத்தைக் கலைப்பதும் விலக்கப்பட்டவையே. ஆக, நேரத்தால் வெல்வது, நேரத்தைத் திருடி வெல்வது என்ற இரண்டையும் விதிப்புத்தகமே பிரித்து வைத்திருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்விக்கும் அளவுக்கு இந்தச் சில விதிகளைச் சொல்லித் தருவதில்லை என்பதே குறை.

இந்த எல்லைக்கோட்டில் நின்று பெரியவர்களும் சண்டையிட்டிருக்கிறார்கள். 2008இல் டல்சா நகரில் நடந்த அமெரிக்க மகளிர் சாம்பியன்ஷிப், வெள்ளைக்குக் கூடுதல் நேரமும், ட்ரா ஆனாலும் கறுப்புக்கே வெற்றியும் தரும் 'ஆர்மகெடான்' என்ற தீர்வாட்டத்துக்குச் சென்றது. விநாடிகளே எஞ்சிய இறுதிக் கட்டத்தில் அன்னா ஜடோன்ஸ்கி வென்றார், இரீனா க்ரஷ் தோற்றார். தாம் கடிகாரத்தை அழுத்தி முடிக்கும் முன்பே எதிராளி நகர்த்திவிட்டார் என்று க்ரஷ் பின்னர் வெளிப்படையாக முறையிட்டார். காணொளியைத் திரும்பத் திரும்பப் பார்த்த சதுரங்க உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இருவரும் நல்ல வீராங்கனைகளே. ஆனால் கூடுதல் விநாடி இல்லாத ஏற்பாட்டில் ஒரு தேசியப் பட்டத்தை முடிவு செய்ய வைத்ததுதான் இருவரையும் அந்த நிலைக்குத் தள்ளியது.

வென்றவரின் மௌனமும் வென்றவரின் கொடையும்

நேர வெற்றி உண்மையிலேயே நாணத்தக்கதாக அமைந்த வழக்கும் வரலாற்றில் உண்டு. 1942ஆம் ஆண்டு அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் சாமுவேல் ரெஷெவ்ஸ்கியும் அர்னால்டு டென்கரும் ஆடிக்கொண்டிருந்தபோது ரெஷெவ்ஸ்கியின் ஃப்ளாக் விழுந்தது. போட்டி இயக்குநர் வால்டர் ஸ்டீஃபன்ஸ் கடிகாரத்தைப் பின்புறமிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்ததில் பக்கங்கள் மாறிப்போக, டென்கரின் நேரம் தீர்ந்ததாக அறிவித்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் அவர் தீர்ப்பை மாற்றவில்லை. உண்மை அறிந்திருந்த ரெஷெவ்ஸ்கி வாய் திறக்கவில்லை. அந்தப் புள்ளியின் துணையால் ஐசக் கஷ்டனுடன் முதலிடத்தைப் பகிர்ந்து, தொடர்ந்து நடந்த தீர்வாட்டத் தொடரில் பட்டத்தையும் வென்றார். ரெஷெவ்ஸ்கி எந்த விதியையும் மீறவில்லை. ஆயினும் தோற்றவரின் நேரம் அங்கே தோற்றவரால் போகவில்லை, நடுவரின் பிழையால் இல்லாதது இருந்ததாக ஆக்கப்பட்டது. அப்போது வென்றவரின் மௌனம் பிழையில் பங்கு கொள்வதாகிறது.

இதற்கு நேர்மாறானது 2020இல் இணையவழி நடந்த செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதி. மாக்னஸ் கார்ல்சனுக்கு எதிராக டிங் லிரன் ட்ராவாகும் நிலையில் இருந்தபோது அவருடைய இணைய இணைப்பு அறுந்தது. கடிகாரம் ஓடித் தீர்ந்து கார்ல்சனுக்குப் புள்ளி கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் நான்காவது நகர்விலேயே வேண்டுமென்றே ராணியைப் பறிகொடுத்து, ஆட்டத்தைக் கைவிட்டு, அந்தப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். பாராட்டத்தக்க செயல்தான். ஆனால் இதைக் காட்டி 'நேரத்தால் கிடைத்த வெற்றியைத் திருப்பிக் கொடுப்பதே நேர்மை' என்று பிள்ளைகளுக்குப் போதிப்பது செயலின் பொருளைத் திரிப்பதாகும். கார்ல்சன் திருப்பிக் கொடுத்தது அறுந்த கம்பி தந்த புள்ளியை. டிங் யோசித்து யோசித்து நேரத்தை இழந்திருந்தால் அவர் ராணியைக் கொடுத்திருக்கப் போவதுமில்லை, யாரும் அதை எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள்.

தனிமனிதருக்கு எளிதாக இருப்பது ஓர் அணிக்கு எளிதாக இருப்பதில்லை என்பதற்கு அதே ஆண்டு இந்தியாவே சாட்சியாயிற்று. கொரோனா காரணமாக இணையவழிக்கு மாற்றப்பட்ட ஒலிம்பியாடின் காலிறுதியில் இந்தியாவும் ஆர்மீனியாவும் மோதின. முதல் மோதலில் நிஹால் சரினுக்கு எதிராக ஆடிய ஹைக் மார்ட்டிரோஸ்யானின் இணைப்பு அறுந்து நேரம் தீர, இந்தியா 3.5–2.5 என்று வென்றது. ஆர்மீனியாவின் முறையீடு தள்ளப்பட்டது. அவர்கள் இரண்டாவது மோதலை ஆட மறுத்து வெளியேறினார்கள். ஆகஸ்ட் 30 அன்று ரஷ்யாவுக்கு எதிரான இறுதியில் வரலாறு பக்கம் மாறியது: முதல் மோதல் 3–3 என்று முடிய, இரண்டாவதில் உலகளாவிய இணையத் தடங்கலால் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் இருவரின் இணைப்பும் அறுந்து, இருவரும் நேரத்தால் தோற்றதாகப் பதிவாயிற்று. ரஷ்யா வென்றதாக முதலில் அறிவிக்கப்பட்டபின் இந்தியா முறையிட, ஃபிடே தலைவர் ஆர்கடி துவோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என்று தீர்ப்பளித்தார். ஆனந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம் எனத் தமிழகத்தார் பலர் அந்த அணியில் இருந்தனர்; ரஷ்யரான துவோர்கோவிச் தம் நாட்டின் தனித் தங்கத்தை இரண்டாக்கினார் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆயினும் நேர்மையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இறுதியில் இந்தியாவுக்குக் கிடைத்த நியாயம் காலிறுதியில் ஆர்மீனியாவுக்குக் கிடைக்கவில்லை. உலகளாவிய தடங்கல் வேறு, ஓர் அணியின் பக்கம் மட்டும் ஏற்பட்ட தடங்கல் வேறு என்ற வாதத்துக்குச் சட்டப்படி வலு உண்டு. இழந்த வீரரின் பக்கமிருந்து பார்த்தால் அந்த வேறுபாடு மிக மெல்லியது.

சிறு ஊர்ப் போட்டிகளின் கணக்கு

மாமல்லபுரம் ஒலிம்பியாடை ஒட்டி 2022இல் தமிழகமெங்கும் அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் சதுரங்கம் இடம்பெறுகிறது. 1985இல் மதுரையிலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மாவட்டத்திலும், பெருநகரப் பயிற்சி மையங்களின் வசதி எட்டாத பிள்ளைகள் பலர் பள்ளி வழியாகவே இந்த ஆட்டத்துக்குள் நுழைகிறார்கள். கிழக்கே காரைக்குடியிலிருந்து எம். பிரணேஷ் 2023இல் கிராண்ட்மாஸ்டர் ஆனதைப் பார்த்தால், இதற்குச் சென்னையில் பிறந்திருக்க வேண்டியதில்லை என்பது தெளிவு. ஆனால் சிறு ஊர்ப் போட்டிகளில் ஒரு நடுவர் பல பத்து பலகைகளைப் பார்த்துக்கொள்ள நேர்கிறது. பலகையையும் கடிகாரத்தையும் வீரர்களே கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பில் போடுவது தமிழகத்தில் வழக்கம். கொண்டுவராத பிள்ளையின் மேசையில் ஆட்டம் பாதி கடந்த பிறகே கடிகாரம் வைக்கப்படுவதும் உண்டு. ரேபிட் ஆட்டத்தில் ஒரு நடுவர் அதிகபட்சம் மூன்று ஆட்டங்களைக் கண்காணித்தால்தான் ஸ்டாண்டர்டு ஆட்டத்துக்குரிய முழு விதிகளும் பொருந்தும் என்கிறது ஃபிடே. அந்த அளவுகோலில் நம் போட்டிகள் எங்கே நிற்கின்றன என்பதை யாரும் ஊகிக்கலாம்.

கண்காணிப்புக் குறைந்த இத்தகைய அரங்கில், கூடுதல் விநாடி இல்லாத 25 நிமிட ஆட்டம் எப்படி முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். இரு பக்கமும் ராஜாவும் யானையும் மட்டுமே எஞ்சிய நிலை. தெரிந்தவர் இருவர் ஆடினால் ட்ரா என்பதில் ஐயமில்லை. ஒருவரிடம் 40 விநாடி, மற்றவரிடம் 12 விநாடி. முதலாமவர் யானையை இங்குமங்கும் இழுத்துக்கொண்டே இருந்தால் போதும், எதிராளியின் கை தளர்ந்து ஃப்ளாக் விழும். வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் இரு தரப்பும் 50 நகர்வு ஆடினால் ட்ரா கேட்கலாம் என்ற விதி இருந்தும், ரேபிட்டில் நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயம் இல்லாததால் 50 என்பதைத் தோற்பவரால் நிறுவ முடியாது. முன்பு, இறுதி இரண்டு நிமிடங்களில் 'எதிராளி இயல்பான முறையில் வெல்ல முயலவில்லை' என்று நடுவரிடம் ட்ரா கேட்கும் உரிமை பொது விதியாகவே இருந்தது. 2014இல் அது பொது விதியிலிருந்து நீக்கப்பட்டு, போட்டி அமைப்பாளர் முன்கூட்டி அறிவித்தால் மட்டுமே செல்லும் வழிகாட்டுதலாக மாற்றப்பட்டது. அந்த வழிகாட்டுதலிலேயே, இரண்டு நிமிடத்துக்குக் குறைவாக உள்ளவர் இருவருக்கும் 5 விநாடி கூடுதல் அமைக்கும்படி வேண்டலாம் என்ற வழியும் உண்டு. இவற்றைத் தங்கள் அறிவிப்புகளில் சேர்க்கும் அமைப்பாளர்கள் மிகச் சிலரே.

யானையை இழுத்தடித்து வென்ற பிள்ளையைப் பழிக்கலாமா? பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை என்பது உண்மை. ட்ரா கொடுத்திருந்தால் அது பெருந்தன்மை. ஆனால் பெருந்தன்மையைக் கடமையாக்க முடியாது. விதி கொடுத்த புள்ளியை எடுத்துக்கொண்ட பத்து வயதுப் பிள்ளையிடம் குறை காண்பதைவிட, அப்படி ஒரு முடிவுக்கு இடம் வைத்த நேரக் கணக்கிடம் குறை காண்பதே முறை. கபடியில் முன்னிலையில் இருக்கும் அணி, தொடாமல் திரும்பும் வெற்றுப் பாட்டுகளால் நேரத்தைக் கடத்துவது நெடுங்காலம் நடந்தது. 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் வீரர்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தொடர்ந்து இரண்டு பாட்டு புள்ளியின்றிப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையேல் பாடுபவர் வெளியேற வேண்டும் என்று விதியை வகுத்தது. சதுரங்கத்தில் அதே வேலையைச் செய்வது இன்கிரிமெண்ட். பாபி ஃபிஷர் 1980களின் இறுதியில் காப்புரிமை பெற்று, 1992இல் ஸ்பாஸ்கியுடன் ஆடிய மறுமோதலில் பயன்படுத்திய கடிகாரத்தின் கருத்து அதுதான்: நகர்வு ஒவ்வொன்றுக்கும் சில விநாடி திரும்பி வருவதால், ட்ரா நிலையைக் காக்கத் தெரிந்தவர் அதைக் கையின் வேகமின்றியும் காத்துக்கொள்ளலாம்.

கூடுதல் விநாடி வைத்தால் சுற்றுகள் இழுத்துக்கொண்டே போகும், மாலைக்குள் பரிசு கொடுத்துப் பிள்ளைகளை ஊர் பஸ்ஸுக்கு அனுப்ப முடியாது என்பது அமைப்பாளர்களின் அச்சம். கணக்கு அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. ஆளுக்கு 25 நிமிடம் என்றால் ஓர் ஆட்டம் அதிகபட்சம் 50 நிமிடம் ஓடும். ஆளுக்கு 20 நிமிடமும் நகர்வுக்கு 5 விநாடியும் என்றால், 60 நகர்வு ஆட்டத்துக்கு அதே 50 நிமிடம். மிக அரிதாக 100 நகர்வு வரை நீளும் ஆட்டத்துக்கு 56 நிமிடம் 40 விநாடி. ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடத்துக்கும் குறைவான இந்த வேறுபாட்டைச் சுற்றுகளுக்கிடையே இணை சேர்க்கும் நேரத்திலேயே ஈடுகட்டிவிடலாம். தேவைப்படுவது ஒன்றே ஒன்று, எண்முறைக் கடிகாரம். முள் கடிகாரத்தில் கூடுதல் விநாடி வைக்க முடியாது. எல்லா மேசைக்கும் அது இல்லாத பள்ளிகளில், நடுவர் கண் எட்டாத பின்வரிசை மேசைகளுக்கே அதை முதலில் வைப்பது நல்லது; முன்வரிசையில் ஆடும் பிள்ளைகள் பெரும்பாலும் சொந்தக் கடிகாரத்தோடுதான் வருகிறார்கள்.

எனவே திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் அடுத்த போட்டிக்கு அறிவிப்பு அச்சிடும் பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் வேண்டுகோள் இதுதான்: '25 நிமிடம்' என்ற இடத்தில் '20 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி' என்று போடுங்கள், கடிகாரத்தை எந்தக் கையால் அழுத்த வேண்டும், சரிந்த காயை யார் நேரத்தில் நிறுத்த வேண்டும், தனி ராஜாவுக்கு எதிராக ஃப்ளாக் விழுந்தால் என்ன முடிவு என்ற மூன்றையும் முதல் சுற்றுக்கு முன் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லுங்கள். அதன் பிறகும் ஒரு பிள்ளை நேரத்தால் வென்றால், அந்தப் புள்ளி முழுவதும் அந்தப் பிள்ளைக்கே உரியது.